நீல நூல், சிவப்பு நூல்

ஓர்பாவின் வீட்டு வாசல் கொட்டகையான லோப்போவில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த மனத்தாங்கல் எல்லாம் அந்த உட்கார்ந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது.

நாலு தூணின் மேல் கவிழ்த்த புல் கூரை, சுவர் கிடையாது, நடுவில் மூங்கில் மேடை. கிழக்குத் தூணை ஒட்டி, தேவாலயத்திலிருந்து தூக்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மெல்கியானுஸ். ஓர்பாவின் புருஷன் ஹபெலுக்கு மூத்த அண்ணன், தானேயோ குடும்பத்துக்கே பெரியவர். குள்ளமான மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அவர் காலடியில் பாயின் மேல், வெற்றிலைக் கூடையை மடியருகே வைத்துக்கொண்டு அவர் மனைவி டாமாரிஸ். மேடையின் நடுவில், படச்சுருளை விரித்துப் போட்டபடி, தாய்மார் வகுப்பு எடுக்க சோயே டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற எர்லின் டீச்சர். அவருக்கு எதிரே கைக்குழந்தைக்காரிகள். முன்வரிசையில் வெல்மின்சே, பால் கொடுத்துக்கொண்டு. மேற்குப் பக்கம், மழைத் தண்ணீர் சொட்டுகிற ஓரத்தில், வருகை எழுத நான். சபை எழுத்தர் என்பதால் இந்த வேலையும் ஊரார் கடிதம் எழுதுகிற வேலையும் என்னுடையவை. அடுப்புப் பக்கம் ஓர்பா, இடுப்பில் அவள் இளையது லோனி. தூணைக் கட்டிக்கொண்டு அவள் மூத்தவன் செமி.

செமி பள்ளிச் சட்டை போட்டிருந்தான். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. சட்டைக் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எப்படி வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஹபெல் கடல் தாண்டி, சபாவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். தோட்டத்தில் போன் சிக்னல் எடுப்பதில்லை. எடுத்தாலும் போனில் நூலை அனுப்ப முடியாது. அவர் கேட்டது நூல். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் வருஷம் ஒரு கடிதம் போகும். அதனோடு பிள்ளையின் உயரத்துக்கு வெட்டிய நூலும் போக வேண்டும். அவர் அதைத் தன் அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்வாராம். செமிக்கு நீல நூல். போன வருஷம் நான் கடிதம் எழுதும்போது ஓர்பா செமியைச் சுவரோடு நிறுத்தி அளந்தாள். அளந்த இடத்தில் வெட்டவில்லை. நாலு விரல் தள்ளி வெட்டினாள். "அங்க கிடந்து கஷ்டப்படறாரு. வளர்ந்துட்டான்னு சந்தோசப்படட்டும்ணே" என்றாள்.

ஹபெல் சந்தோஷப்பட்டார். அதே நீளத்துக்கு வேறொரு நூலை வெட்டி, ஊருக்குத் திரும்பிய கூட்டாளியிடம் பணத்தோடு கொடுத்தனுப்ப, அவர் கூபாங் நகரத்துக் கடையில் நூலைப் போட்டுப் பார்த்து இந்தச் சட்டையை வாங்கி வந்தார். சட்டை வந்த அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய வாத்தியார் வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். செமிக்கு எட்டவில்லை. அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். இவன் சட்டைக் கையை மடித்துவிட்டு மறுபடியும் மறுபடியும் தொடப் பார்த்துக்கொண்டே நின்றானாம். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஓர்பா தாய்மார் வகுப்புக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாளே டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு வயசுக்குள்ள நல்லா ஊட்டணும்னு சொல்றீங்களே. தாண்டிட்ட புள்ளைக்கு என்ன செய்யணும்?"

டீச்சர் படச்சுருளைக் கீழே வைத்தார். "ஊட்டணும். ஆனா அக்கா, அதுக்குள்ள குறைஞ்சது குறைஞ்சதுதான். பெரும்பாலும் அதை முழுசா மீட்டு எடுக்க முடியறதில்லை."

ஓர்பா செமியைப் பார்த்தாள். அப்புறம் மடியில் இருந்த லோனியைப் பார்த்தாள். லோனிக்கு அப்போது ஒரு வயசு தாண்டி ஒரு மாசம். அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் வேறு கவலை இல்லை. லோனி அடுத்த ஜூனில் இரண்டு வயசை முடிக்கும்போது டீச்சரின் வளர்ச்சி அட்டையில் போட்டிருக்கிற கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அது ஒன்றுதான்.

இப்போது மறுபடியும் அந்த ஜனவரி நாளுக்கு வருகிறேன்.

மழை விடாமல் தூறியது. முத்திஸ் மலை தெரியவே இல்லை. பனி வாசல் வரைக்கும் வந்து நின்றது. பழைய சோளம் தீர்ந்து புதுச் சோளம் வராத காலம். வகுப்பு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். அந்த மாதம் ஓர்பாவின் முறை.

டீச்சர் படத்தைக் காட்டினார். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒண்ணு மட்டும் ஏன் குட்டையா இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

"அப்பன் குட்டையா இருப்பான் டீச்சர்" என்றாள் வெல்மின்சே.

எல்லாரும் சிரித்தார்கள். டாமாரிஸ் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரைச் சொல்றியாடி?" என்றாள்.

"நான் பொதுவாச் சொன்னேன். நீங்களா எடுத்து மாட்டிக்கிட்டா நான் என்ன செய்ய?"

மெல்கியானுஸும் சிரித்தார். காலை ஆட்டிக்கொண்டே, "நாங்க எல்லாம் குட்டைதான் டீச்சர். எங்கப்பா என்னைவிடக் குட்டை. குட்டையா இருந்தே இந்தக் காட்டைத் திருத்தினோம். உயரமா இருந்தா குனிஞ்சு களையெடுக்க முதுகுல்ல வலிக்கும்" என்றார்.

"அப்பா குட்டைங்கறது கொஞ்சம்தான் பெரியவரே. வயித்துல இருக்கும்போது அம்மா என்ன சாப்பிட்டா, பொறந்தப்புறம் பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு, எத்தனை தடவை வயித்தால போச்சு, அதுதான் பெருசு. வெறும் சோளப் போசேக் கூழைக் குடுத்தா வயிறு ரொம்பும், எலும்பு வளராது. முருங்கைக்கீரையைப் போடுங்க. அவரையை அதிகமாப் போடுங்க. ஒரு முட்டை. ஒரு நாளைக்கு ஒரு முட்டை குடுத்துப் பாருங்க."

"முட்டைக்கு எங்க போறது டீச்சர்?"

"அதுக்குத்தானே வீட்டுக்கு ஒரு கோழி குடுத்தோம்?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கோழிகள் எங்கே போயின என்பது எல்லாருக்கும் தெரியும். வெளியூர் ஆள் வாசலில் வந்து நின்றால் முதலில் வெற்றிலை, பிறகு கோழி. சும்மா அனுப்பினால் அந்த வீட்டுக்குப் பேர் இருக்காது. போன மாதம் வெல்மின்சே வீட்டில் வகுப்பு நடந்தபோது அவள் கோழியை டீச்சருக்குத்தான் அறுத்தாள். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்றார். இலையில் விழுந்த பிறகு சாப்பிட்டார். வேறு என்ன செய்வார்? அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான். பிள்ளைக்கு ஊட்டச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் கோழியைத் தின்றுகொண்டிருந்தது. ஊரில் மிஞ்சியிருந்தது ஓர்பாவின் செங்கோழி ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வைக்கும்.

மெல்கியானுஸ் ஓர்பா பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"கோழிச் சத்தமே காணோம். பிடிச்சாச்சா?"

"கூடைல அடைஞ்சிருக்கு பெரியப்பா." பிள்ளைகள் கூப்பிடுகிற முறையிலேயே அவளும் அவரைக் கூப்பிடுவாள்.

"வெளியூர் ஆளு வந்திருக்காங்கம்மா."

"தெரியும் பெரியப்பா. கிழங்கு வெந்துருச்சு. பூசணியும் இருக்கு."

அவர் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஓர்பா மரவள்ளிக் கிழங்கைத் தட்டு நிறையக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது. மறுபடி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னத் தட்டு, அதில் அவித்த முட்டை ஒன்று. எல்லாருடைய கண்ணும் அந்தத் தட்டோடு நடந்தது. டீச்சரைத் தாண்டிப் போனது தட்டு. நாற்காலியையும் தாண்டிப் போனது. ஓர்பா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, லோனியை மடியில் போட்டு, முட்டையை உரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு ஊட்டினாள். லோனி இரண்டு கையாலும் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துத் தின்றது. மஞ்சள் கரு தாடையில் ஒழுகியது. கூரையில் சொட்டுகிற சத்தம்தான். ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளையைச் செமி விரலால் வழித்துத் தின்றான்.

டீச்சர் கைதட்டினார்.

"எல்லாரும் பாருங்க. நான் இத்தனை மாசமா சொன்னது இதைத்தான். ஓர்பா அக்கா யாருக்கும் பயப்படல. அப்படியே இருங்கக்கா, ஒரு படம் எடுத்துக்கறேன்."

அவர் போனை எடுத்துப் பிடித்தபோது மெல்கியானுஸ் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவர் கால் தரையைத் தேடி ஊன்றியதை நான் பார்த்தேன். கிழங்கைத் தொடவில்லை. தூறலில் நடந்து போய்விட்டார். டாமாரிஸ் வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

"பெரியவருக்கு ஏதோ வேலை போல" என்றார் டீச்சர்.

வெல்மின்சே குனிந்து குழந்தையின் தலையைத் தடவினாள். "ஆமா டீச்சர். வேலைதான்."

எங்கள் ஊரில் யாரையும் ஒதுக்கி வைப்பதாக யாரும் சொல்வதில்லை. களையெடுப்பு முறை என்று ஒன்று உண்டு. இன்றைக்கு உன் காட்டில் எல்லாரும், நாளைக்கு என் காட்டில் எல்லாரும். அந்த மழைக்கு அந்த முறை ஓர்பாவின் காட்டை எட்டியபோது, ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் வேலியோரமாகவே நடந்து அடுத்த காட்டுக்குப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஊற்றில் தண்ணீர் எடுக்கிற இடத்தில் மட்டும் பேச்சு.

"முட்டைக்காரி வர்றா, வழி விடுங்கடி."

"அவளுக்கு எதுக்கு ஆளு? முட்டைக்காரி புள்ள வளர்ந்து நின்னுக்கிட்டே களையெடுத்துரும்."

ஓர்பா குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். வாய் கொடுக்க மாட்டாள்.

அவள் காடு சரிவில் இருக்கிறது. இரண்டு நாள் மழை, அரை நாள் வெயில் என்றால் களை முழங்காலுக்கு வந்துவிடும். விடியும்போது போவாள், லோனியை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்தால் பிள்ளை தலை கீழாகத் தொங்கி அழும். அதனால் வீட்டில் விட்டாள், செமியிடம். ஆறு வயசுப் பிள்ளை இன்னொரு பிள்ளையை எப்படிப் பார்க்கும்? முந்தின ராத்திரி வைத்த போசேயை ஆறினபடி ஊட்டுவான். தாகம் என்றால் குடத்துத் தண்ணீர். காய்ச்சின தண்ணீரை மூடி வைத்திருப்பாள் ஓர்பா. அது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். முருங்கை வாசலிலேயே இருந்தது. பறித்து ஆய்ந்து போட ஆள் வேண்டுமே. வகுப்பில் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். செய்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

லோனிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நின்றது, மறுபடி போனது. முட்டை மட்டும் தவறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த முட்டை லோனியின் வாய்க்குள் போனது. பாதி நாள் அப்படியே வெளியே வந்தது.

பிப்ரவரி கடைசியில் நான் அவள் காட்டு வழியாகப் போனேன். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை."

"சொல்லும்மா."

"பெரியப்பா வீட்டுக்கு எனக்காக ஒரு நடை போவீங்களா? வெத்தல நான் தர்றேன். என்ன கோவம்னு கேளுங்க. எனக்குத் தெரியும். ஆனா அவர் வாயால கேக்கணும்."

"நீ அன்னைக்குக் கோழிய அறுத்திருந்தா..."

"அறுத்திருந்தா?"

அவள் உள்ளங்கைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"லோனி நிக்க மாட்டேங்குதுண்ணே. நின்ன புள்ள. சுவரைப் பிடிச்சு நடந்த புள்ள. இப்ப உக்காந்தே இருக்கு. இந்தக் களைய நான் ஒருத்தி எடுத்து முடிக்கிறதுக்குள்ள அதுக்கு ரெண்டு வயசு ஆயிரும்."

மெல்கியானுஸ் வீட்டில் நெருப்பருகே உட்கார்ந்தோம். வெற்றிலையை நான் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"தம்பி, போன வாரம் நில விசயமா ஒன்றிய ஆபீசுக்குப் போயிருந்தேன். சுவர்ல பெருசா ஒரு படம் ஒட்டியிருக்கான். ஓர்பா புள்ளைக்கு முட்டை ஊட்டறா. பின்னாடி ஒரு முதுகு போகுது. யாரு முதுகு?"

நான் வெற்றிலையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

"வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறான். இந்தக் கிழவன் புள்ளையோட முட்டைக்கு ஆசைப்பட்டான், கிடைக்கலன்னு எந்திரிச்சுப் போறான். அப்படித்தானே தெரியும்?"

"டீச்சர் அப்படி நினைச்சு எடுக்கல அண்ணே."

"அவங்களை விடு. அவங்க வெளியூரு. ஓர்பா நம்ம வீட்டுப் பொண்ணு. அந்த முட்டையக் கொண்டாந்து டீச்சர் முன்னாடி வச்சிருந்தா, டீச்சர் என் பக்கம் தள்ளியிருப்பாங்க. பெரியவர் நீங்க எடுத்துக்கங்கன்னு. நான் எடுத்திருப்பேன். எடுத்து, லோனியக் கூப்பிட்டு மடில உக்கார வச்சு, என் கையால ஊட்டியிருப்பேன். முட்டை போற இடத்துக்குத்தான் போயிருக்கும். வீட்டுக்கும் பேரு, எனக்கும் பேரு, புள்ளைக்கும் வயிறு. நான் தின்னுருப்பேன்னு முடிவு பண்ணிட்டா பாரு. அத்தனை பேரு முன்னாடி."

டாமாரிஸ் விறகைத் தள்ளிவிட்டாள். புகை எழும்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வந்து ஒரு வெத்தலைய வைக்கச் சொல்லு. ஆளு மூலமா வேண்டாம். அவளே வரட்டும். நாளைக்கே எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

நான் அதை ஓர்பாவிடம் அப்படியே சொன்னேன். அவள் லோனியின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊட்டியிருப்பேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"செமி பொறந்து ஞானஸ்நானம் குடுத்தப்ப ஏழெட்டுக் கோழி இருந்துச்சுண்ணே வீட்டுல. கூரை மாத்தினப்ப வந்தாங்க, ஹபெல் சபாவுக்குப் போறப்ப வழியனுப்ப வந்தாங்க. வந்தவங்க எல்லாருக்கும் வச்சேன். பெரியப்பாவும் உக்காந்து சாப்பிட்டாரு. செமி எதிர்லதான் நிப்பான். யாரு மடில உக்கார வச்சாங்க? அவனுக்குக் கோழிக்காலு நகத்தோட வந்துச்சு. சூப்பு வந்துச்சு."

"அப்ப யாருக்கும் தெரியாதும்மா."

"ஆமா. எனக்கும்தான் தெரியாது. நானே தான் எடுத்து எடுத்து வச்சேன்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "இந்தத் தடவை ஊட்டியிருப்பாரோ என்னவோ. நல்ல மனுசர்தான். இருந்தது ஒரு முட்டைண்ணே. அதை வச்சு நான் எப்படிப் பரீட்சை பாக்கறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் மெல்கியானுஸ் வீட்டுக்கு நடந்து போய் வெற்றிலையை அவர் முன்னால் வைத்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. டாமாரிஸ் பிறகு சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் பேசல. அவரு எடுத்துப் போட்டுக்கிட்டாரு. அவளும் போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் மென்னாங்க."

மறுநாள் தானேயோ குடும்பமே அவள் காட்டில் இறங்கியது. வெல்மின்சே பிள்ளையை மரத்தடியில் தூளியில் போட்டுவிட்டு முதல் வரிசையைப் பிடித்தாள். "முட்டைக்காரி, உன் களை என் இடுப்புக்கு வருதுடி" என்று கத்தினாள். ஓர்பா சிரித்தாள். ஒரே நாளில் காடு சுத்தமாகிவிட்டது. மாலையில் மெல்கியானுஸ் ஒரு சோளத்தட்டையைப் பிடித்து நின்று மேலும் கீழும் பார்த்தார். மஞ்சளடித்து, கட்டைவிரல் பருமனில் நின்றது. கதிர் பிடிக்கிற நேரத்தில் களை சத்தை எடுத்துவிட்டது. ஒரு பத்து நாள் முந்தி எடுத்திருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஏப்ரலில் மற்ற வீடுகளில் அடுப்புக்கு மேல் சோளக் கதிர் கொத்துக் கொத்தாகப் புகையில் தொங்கியது. ஓர்பா வீட்டில் நிமிர்ந்து பார்த்தால் கதிருக்கு நடுவே கூரை தெரிந்தது. டாமாரிஸ் ஒரு கூடை சோளம் கொண்டுவந்து வைத்தாள். வெல்மின்சே அவரை கொண்டுவந்தாள். லோனி அதற்குள் மறுபடி நடந்துவிட்டது. சிரித்தது. அம்மா, தண்ணி, கோழி என்று பேசியது. பார்க்கிறவர்களுக்குக் குறை ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்தினால்தான் தெரியும்.

ஜூனில் வகுப்பு மறுபடி ஓர்பா வீட்டில் வைத்தார்கள். மலை தெளிவாகத் தெரிந்தது. காற்று குளிர். பிளாஸ்டிக் நாற்காலியை யாரும் கொண்டுவரவில்லை. மெல்கியானுஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் பாயில், டீச்சருக்குப் பக்கத்தில், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். வீட்டிலேயே அவித்துக் கொண்டுவந்திருந்தார். லோனியைக் கூப்பிட்டு மடியில் வைத்து உரித்தார். அவருக்கு ஊட்டத் தெரியவில்லை. பெரிய துண்டாக வைத்தார். லோனி துப்பிற்று. மறுபடி சின்னதாகப் பிட்டு வைத்தார். தின்றது.

டீச்சர் படுக்கவைத்து அளக்கிற பலகையை விரித்தார். வெல்மின்சே தலையைப் பிடித்தாள், ஓர்பா முழங்காலை அழுத்திப் பிடித்தாள். லோனி கத்தியது. டீச்சர் பலகையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை அளந்தார்.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஓர்பா.

"கோட்டுக்குக் கீழ இருக்குக்கா."

"எவ்வளவு?"

டீச்சர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஓர்பா விரலை வைத்துக் கோட்டைத் தொட்டாள். அங்கிருந்து புள்ளி இருக்கிற இடத்துக்கு விரலை இறக்கினாள். அப்படியே வைத்திருந்தாள்.

மெல்கியானுஸ் கையில் இன்னும் பாதி முட்டை இருந்தது. "இன்னும் எத்தனை முட்டை குடுத்தா அந்தக் கோட்டுக்கு வரும் டீச்சர்? கணக்காச் சொல்லுங்க. நான் கொண்டாந்துடறேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பார்வையை மாற்றிக்கொண்டார். "குடுங்க பெரியவரே. நிறுத்தாமக் குடுங்க. அறிவு வளர்றதுக்கு, சீக்கு வராம இருக்கிறதுக்கு, எல்லாத்துக்கும் நல்லது."

"கோட்டுக்கு வருமான்னு கேட்டேன்."

டீச்சர் பலகையை மடித்தார். "அந்தப் படத்தை நான் ஆபீஸ்ல சொல்லி எடுக்கச் சொல்லிட்டேன் பெரியவரே" என்றார் கடைசியில்.

"எந்தப் படம்?" என்றார் அவர். உண்மையிலேயே மறந்துவிட்டார் போலிருந்தது.

அடுத்த வாரம் சபாவுக்குத் திரும்புகிற ஆள் ஒருவர் சோயேயில் இருப்பதாகத் தெரிந்தது. நான் காகிதமும் பேனாவுமாக ஓர்பா வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து லோனி தூங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் சுகம்னு முதல்ல எழுதுங்கண்ணே."

எழுதினேன்.

"பெரியப்பா சுகம். பெரியம்மா சுகம். பெரியப்பா மாடு கன்னு போட்டுச்சு. சோளம் இந்த வருசம் சுமார்."

"களை விசயம்?"

"வேண்டாம். அவருக்கு அண்ணன். அங்க இருந்துக்கிட்டு என்ன செய்வாரு?"

"லோனி?"

"லோனி பேசுது, ஓடுது, உங்களைப் போலவே தூங்கறப்ப வாயைத் திறந்து வச்சிருக்குன்னு எழுதுங்க." சொல்லிவிட்டு நூல்கண்டுகளை எடுத்தாள். நெய்கிற நூலில் மிஞ்சியவை, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. லோனிக்கு இதுதான் முதல் நூல். தூங்குகிற பிள்ளையின் உச்சந்தலையில் சிவப்பு நூலின் நுனியை வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். காலை மெதுவாக நீட்டி, குதிகாலில் நூலை மடக்கி, அந்த இடத்தில் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்கு மேல் ஒரு நகம்கூட விடவில்லை.

"செமி, வாடா."

செமி வந்து சுவரோடு நின்றான். பள்ளிச் சட்டைதான். இந்த வருஷமும் பெரிய வாத்தியார் முன்னால் நிற்கப் போகிறவன். நிற்கிறபோதே கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதைத் தேடினான். "கையைக் கீழ போடு" என்றாள் ஓர்பா. நீல நூலை அளந்தாள். அளந்த இடத்திலேயே அறுத்தாள்.

எனக்குப் போன வருஷத்து நூல் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது கூட்டி வெட்டியது நாலு விரல். அதற்குப் பிறகு பிள்ளை வளர்ந்திருப்பது மூன்று விரல் இருக்கும்.

"ஓர்பா, அவரு சுவர்ல போன வருசத்து நூல் தொங்குமே. இதைப் பக்கத்துல தொங்கவிட்டா ஒரு விரல் குறையும். புள்ள சுருங்கிட்டானான்னு கேப்பாரு."

அவள் இரண்டு நூலையும் விரலில் சுற்றிச் சின்ன வளையமாக்கினாள்.

"கேக்கட்டும்ணே. வந்து கேக்கட்டும்."

கடிதத்தை மடித்து, நூல் வளையங்களை நடுவில் வைத்து உறைக்குள் போட்டேன். பசை இல்லை. சட்டியில் ஒட்டியிருந்த போசேக் கூழை ஓர்பா விரலில் எடுத்து உறையின் விளிம்பில் தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. வண்டி ஹாரன் கேட்டதும்தான் கொடுத்தாள்.

சோயேக்குப் போகிற வண்டி ஆலமரத்தடியில் நின்றது. ஓட்டுநர் உறையை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள என்ன எழுத்தரே, மெத்துனு இருக்கு?"

"நூல்" என்றேன்.

அவர் அதை முன்கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டு வண்டியை எடுத்தார்.